குறை தீர்க்கப்பட்ட ஒன்பதாம் வகுப்பு

கிருஷ்ணகிரியில் மாணவர் மனக்குறை தீர்வு மையம் என்று ஓர் அலுவலகம் இருக்கிறது. மாடிப்படி ஏறினால் இடப்பக்கம். வலப்பக்கம் ஒரு பல் மருத்துவர். முதல் தடவை போனபோது நான் தவறிப்போய்ப் பல் மருத்துவரிடம் நுழைந்துவிட்டேன். உட்காரச் சொல்லி, என்ன தொந்தரவு என்று கேட்டார்கள். மையத்தில் இவை இரண்டும் நடக்கவில்லை.

என் பெயர் திம்மராயன். பாகலூர்ப் பக்கம் விவசாயம். தாத்தா காலத்து நிலத்தில் பாதி கம்பெனிகளுக்குப் போய்விட்டது. மீதியில் முட்டைக்கோஸும் தக்காளியும் வைக்கிறோம். வீட்டில் பேசுவது தெலுங்கு, சந்தையில் கன்னடம், எழுதுவதும் கையெழுத்துப் போடுவதும் தமிழில். எங்கள் குடும்பத்தைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு வந்ததில்லை. வராதபடி பார்த்துக்கொண்டவர்களில் நானும் ஒருவன். இப்போது வந்திருக்கிறது. ஆகவே நடந்ததை நடந்தபடி நானே சொல்லிவிடுவதுதான் மரியாதை.

என் மருமகள் சரிதா எங்கள் ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியை. மகன் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறான். இந்த விவகாரத்தில் அவனுக்கு வேலையில்லை. பேத்தி அனிதா தன் அம்மாவிடமே ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள்.

காலாண்டுத் தேர்வில் 'விடுமுறையில் நான்' என்று கட்டுரை கேட்டிருந்தார்கள். விடைத்தாள் திருத்த உட்கார்ந்த சரிதா பாதியில் எழுந்து வந்துவிட்டாள்.

"மாமா, ஒன்பதாங் கிளாஸ் மொத்தமும் கடற்கரைக்குப் போயிருக்குது."

"போகட்டும்மா. அதுக்கென்ன?"

"மணல் வீடு கட்டி, சுண்டல் தின்னு, சூரியன் மறையறதைப் பார்த்துட்டு வந்திருக்குதுங்க. எல்லாத் தாள்லயும் ஒரே வரி. நம்ம அனிதாவும் போய்ட்டு வந்திருக்கா. இதுங்க யாரும் கிருஷ்ணகிரி டேமைத் தாண்டினதில்ல."

நோட்ஸ் புத்தகத்தில் கடற்கரை இருந்தது. அதனால் பிள்ளைகள் போயிருந்தார்கள். அந்த விடுமுறையில் அனிதா உண்மையில் செய்தது, கோஸ் ஏற்ற வந்த லாரியில் ஏறி ஏறி இறங்கியது மட்டும்தான்.

அந்த வாரமே சரிதா இணையத்தில் ஒரு வலைப்பூ தொடங்கினாள். 'எங்க ஊர்ப் பக்கம்' என்று பெயர். விதி ஒன்றே ஒன்று: நோட்ஸில் இருப்பதை எழுதக் கூடாது, தான் பார்த்ததை எழுத வேண்டும். எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் போன் ஒன்றுதான். அது அப்பாவோடு கம்பெனிக்குப் போய்விடும். அதனால் பிள்ளைகளின் எழுத்து ஷிப்டு கணக்கில் வந்தது. பகல் ஷிப்டுக்காரர்கள் வீடு திரும்பினால் ஒரு கொத்து வந்து விழும். ராத்திரி ஷிப்டுக்காரர்கள் திரும்பினால் இன்னொரு கொத்து.

எனக்கு இதில் விருப்பமில்லை. வீட்டில் நடப்பதை ஊர் படிக்க எழுதுவது எங்களுக்குப் பழக்கமில்லாத காரியம். லாரியைப் பற்றி எழுது, வீட்டைப் பற்றி எழுதாதே என்று அனிதாவிடம் சொல்லிவைத்தேன். மற்றபடி, சாயங்காலம் அவள் வாசிக்க நான் கேட்டதுண்டு. தளியிலிருந்து பேருந்தில் வரும்போது நிலா தன்னையே துரத்திக்கொண்டு வந்தது, தான் இறங்கியதும் அதுவும் நின்றுவிட்டது என்று ஒரு பையன் எழுதியிருந்தான். செத்துப்போன கன்று கனவில் வந்து கையை நக்கியது என்று ஒரு பெண். தகரக் கூரையில் மழை பெய்தால் அம்மா திட்டுவது காதில் விழாது, அதனால் மழை பிடிக்கும் என்று இன்னொரு பெண். பிழைகள் நிறைய இருந்தன. கடற்கரை இல்லை.

தலைமையாசிரியர் ராஜப்பனுக்கு ஓய்வுபெறச் சில மாதங்களே இருந்தன. அதற்குள் எதுவும் நடந்துவிடக் கூடாது என்பதுதான் அவருடைய கல்விக் கொள்கை. சரிதாவைக் கூப்பிட்டார்.

"இதுக்கு ஆர்டர் இருக்குதாம்மா?"

"வேணாம்னு ஆர்டர் இல்ல சார்."

"வேணாம்னு ஆர்டர் இல்லாததெல்லாம் செய்யலாம்னு எங்கயாவது ஆர்டர் இருக்குதா?"

அப்படியும் ஓர் ஆர்டர் இல்லாததால் அவர் மேலிடத்துக்கு எழுதினார். மேலிடம் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் மனக்குறை தீர்வு மையத்துக்கு அனுப்பிவைத்தது.

மையம் அந்த ஆண்டுதான் பிறந்திருந்தது. ஆண்டு முடிவதற்குள் இத்தனை ஆயிரம் மனக்குறைகளைத் தீர்த்தாக வேண்டும் என்று அதற்கு இலக்கு. பள்ளிதோறும் பெட்டி வைத்தார்கள். பெட்டியில் சாக்லேட் தாள்தான் விழுந்தது; குறை சொன்னால் என்ன கிடைக்கும் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். மார்ச் மாதம் நெருங்கியது. தீர்ப்பதற்கு ஒரு குறைகூட அகப்படவில்லை. அந்த நேரத்தில்தான், பாகலூர்ப் பக்கம் ஒரு வகுப்பே யாரும் அடிக்காமல் தானாக எழுதிக்கொண்டிருக்கிறது என்ற செய்தி போய்ச் சேர்ந்தது.

மையத்தின் ஒருங்கிணைப்பு அலுவலர் சுபாஷ் மறுவாரமே வந்தார். பெற்றோரைக் கூட்டி விழா எடுத்தார்கள். நான் முன்வரிசையில் இருந்தேன். வலைப்பூவை முறைப்படி திறந்துவைப்பதற்காகப் பள்ளிக் கணினிக்குச் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள். அலுவலர் வெட்டியதில் மவுஸ் வயரும் சேர்ந்து அறுந்தது. அதற்கும் கை தட்டினார்கள்.

"ஆசிரியை இதை இலக்கியம் என்று நினைக்கிறார்" என்று அவர் பேசினார். "நினைக்கட்டும். ஆனால் நிம்மதியாக இருக்கிறவன் எதற்காக எழுதப் போகிறான்? சாப்பிட்டுவிட்டுத் தூங்குவான். ஒருவன் எழுதுகிறான் என்றாலே அவனுக்குள் ஏதோ குறை இருக்கிறது. அந்தக் குறையை நாங்கள் எடுத்துவிட்டால் அவன் எழுத வேண்டிய அவசியமே இருக்காது. ஒரு பிள்ளைகூட எழுதத் தேவைப்படாத மாவட்டம் என்பதுதான் எங்கள் கனவு. இன்று முதல் இந்த வலைப்பூவில் வரும் ஒவ்வொன்றும் மனுவாகக் கருதப்படும். எண் கொடுக்கப்படும். உரிய துறைக்குப் போகும். பதில் வரும்."

சரிதா எழுந்தாள். "சார், பிள்ளைங்க ஒண்ணுமே கேட்கலையே. பார்த்ததைத்தான் எழுதுறாங்க."

"கேட்டால் எல்லாரும் கொடுப்பார்கள் மேடம். கேட்காமலே கொடுப்பதற்குத்தான் நாங்கள் இருக்கிறோம்."

கொடுத்தார்கள். முதலில் கால்நடை மருத்துவர் வந்து கன்று எங்கே என்று கேட்டார். அது செத்து ஒரு வருடம் ஆகிறது என்றார்கள். எந்தக் கையை நக்கியது என்று கேட்டார். அந்தப் பெண் வலது கையைக் காட்டினாள். அந்தக் கையில் வெறிநாய்க்கடி ஊசி போட ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். கனவு என்று சரிதா சொல்லிப் பார்த்தாள். முன்னெச்சரிக்கை என்றார்.

தகரக் கூரை வீட்டுக்குப் பொறியாளர் போனார். மழை பெய்தால்தான் சத்தத்தை அளக்க முடியும், மழைக்கு ஏற்பாடு செய்துவிட்டுத் தகவல் கொடுங்கள் என்றார். பிள்ளையைத் திட்டக் கூடாது என்று அம்மாவுக்கு எழுத்துமூலமாக அறிவுரை வழங்கப்பட்டது. அறிவுரை வந்த அன்று மழை இல்லை. அம்மா திட்டியதெல்லாம் அந்தப் பெண்ணுக்கு முழுமையாகக் கேட்டது.

நிலாவைப் பற்றிய மனு பேருந்துகளைக் கவனிக்கும் ஓர் அலுவலகத்துக்குப் போனது. 'பேருந்தைப் பின்தொடர்வதாகச் சொல்லப்படும் மேற்படி பொருள் இவ்வலுவலகத்தில் பதிவு பெற்ற வாகனம் அன்று. எனவே அதன் மீது நடவடிக்கை எடுக்க இயலாத நிலை உள்ளது. மனு முடிக்கப்பட்டது' என்று அங்கிருந்து பதில் வந்தது.

ஒவ்வொரு பதிவின் கீழும் பச்சை எழுத்தில் 'தங்கள் மனக்குறை தீர்க்கப்பட்டது' என்று மையம் போட்டது. பிள்ளைகள் எழுதுவதைக் குறைத்துக்கொண்டார்கள். ஆனால் ஏற்கெனவே எழுதியவை வரிசையில் நின்றுகொண்டிருந்தன. அவற்றில் சுசித்ராவுடையதும் ஒன்று.

சுசித்ராவின் அப்பா மாதேஷ் சிப்காட் தொழிற்பேட்டையில் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. பிரஸ் மெஷினில் வேலை. வீட்டில் கன்னடம்தான். அந்தப் பெண் தமிழ் எழுதப் பழகியதே ஆறாம் வகுப்பில். அவள் எழுதியது இது:

'எங்கள் அப்பாவுக்கு ராத்திரி வேலை. பகலில் தூங்குவார். நாங்கள் பாத்திரத்தைத் துணி வைத்து எடுப்போம், சத்தம் வராது. ஆள் வராத நாளில் அப்பா இன்னொரு ஷிப்டும் பார்த்துவிட்டு வருவார். அன்றைக்குத் தூக்கத்திலும் அவர் கை மேலே போய்க் கீழே வரும். மெஷினை அழுத்துகிறார். நான் என் கையை அதற்குள் வைத்தால் பிடித்துக்கொண்டு நின்றுவிடும். அப்புறம் நான் எடுக்க மாட்டேன். இன்னொரு கையால் வீட்டுப்பாடம் எழுதுவேன்.'

அனிதா வாசித்து முடித்ததும், மறுபடி வாசிக்கச் சொன்னேன்.

மையம் இதைத் 'தொழிலாளர்' தலைப்பின் கீழ் 'இரட்டை வேலை' என்று போட்டுக் கம்பெனிக்கு விளக்கம் கேட்டு அனுப்பியது. எங்களிடம் யாரும் இரண்டு ஷிப்டு பார்ப்பதில்லை என்று கம்பெனி பதில் எழுதிவிட்டு, ஆள் அனுப்பும் ஒப்பந்தக்காரர் மணியைக் கூப்பிட்டுக் கேட்டது. மணி, இனி வரவேண்டாம் என்று மாதேஷிடம் சொல்லிவிட்டார். சுசித்ராவின் பதிவுக்குக் கீழே பச்சை எழுத்து வந்தது: 'தங்கள் தந்தையின் இரட்டை வேலை நீக்கப்பட்டது. தற்போது அவர் இரவும் பகலும் வீட்டில் இருக்கிறார். தங்கள் மனக்குறை தீர்க்கப்பட்டது.'

மாதேஷ் எங்கள் வீட்டுக்கு வந்தான். நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

"மேடம் மேல வருத்தம் ஒண்ணும் இல்லீங்கய்யா. பாப்பா எழுதினதை லைன்ல எல்லார்க்கும் காட்டினதே நான்தான். சூப்பர்வைசர்கூட படிச்சிட்டு, 'உன் பொண்ணு பெரிய ஆளா வருவா மாதேஷு'ன்னாரு."

"மணி என்ன சொல்றாரு?"

"பொண்ணு எழுதினது பொய்யின்னு அந்த ஆபீஸ்லயே ஒரு சீட்டு வாங்கிட்டு வா, மறுநாளே கேட் பாஸ் போட்டுடறேன்றாரு. இல்லைன்னா இந்தப் பக்கம் எந்தக் கம்பெனிக்கும் என்னை அனுப்ப முடியாதாம். பாப்பாதான் எங்கூட பேசவே மாட்டேங்குது. வேலை போனதுக்குத் தான்தான் காரணம்னு நினைச்சிக்கினு இருக்குது."

சரிதா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவன் போனபிறகும் அப்படியே நின்றாள். தேநீர்க் கடையில் அதற்குள் பேசத் தொடங்கியிருந்தார்கள்: திம்மராயன் மருமகள் எழுதச் சொன்னாளாம், ஒருத்தன் பிழைப்பு போச்சாம். யாரும் என் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. நான் உள்ளே நுழைந்ததும் பேச்சை மாற்றினார்கள். அதுதான் பொறுக்கவில்லை. வெள்ளை வேட்டி மாற்றிக்கொண்டு மருமகளோடு கிருஷ்ணகிரிக்குப் புறப்பட்டேன்.

சுபாஷ் எங்களை நிற்கவைத்தே பேசினார்.

"தீர்த்த மனுவை வாபஸ் வாங்க விதி இல்லீங்க. பொய் மனுன்னு நிரூபணம் ஆனா ரத்து பண்ணலாம். ரத்துன்னு நாங்க எழுதிக் குடுத்தா கம்பெனி எடுத்துக்கும்."

"சார், அந்தப் பொண்ணு எழுதினது நிஜம்" என்றேன். "ஆனா அது குறை இல்ல. அப்பன் மேல ஆசையா எழுதினது."

"ஆசைக்கு எங்ககிட்ட தலைப்பு இல்லீங்க பெரியவரே. குடிநீர், சாலை, மின்சாரம், தொழிலாளர், கால்நடை, இதர. ஆசையைக் கொண்டுபோய் இதரவுல போட்டா ஆடிட்ல என்னைக் கேப்பாங்க."

"நிஜத்தை எப்படிங்க பொய்யின்னு நிரூபிக்கறது?" என்று சரிதா கேட்டாள்.

"அதுக்குத்தானே மேடம் விசாரணைன்னு ஒண்ணு வச்சிருக்கோம்."

வெள்ளிக்கிழமை விசாரணை. குழுவில் சுபாஷ், ராஜப்பன், ஒரு மருத்துவர். மருத்துவர் கட்டாயம் இருக்க வேண்டும் என்று விதி. வேறு யாரும் கிடைக்காததால் எதிர்ப்பக்கத்துப் பல் மருத்துவரை அழைத்துவந்திருந்தார்கள். அவருடைய நோயாளிகள் வாயில் பஞ்சோடு வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். சுசித்ரா சீருடையில் வந்திருந்தாள். மாதேஷ் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

"பாப்பா, உங்கப்பா தூங்கும்போது கை ஆடுமா?" என்று சுபாஷ் கேட்டார்.

சுசித்ரா சரிதாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஆடாதுன்னு சொல்லும்மா. வேலை முடிஞ்சிரும்" என்று ராஜப்பன் மெதுவாகச் சொன்னார். அறையில் எல்லாருக்கும் கேட்டது.

"ஆடும் சார்" என்றாள். "பார்த்ததைத்தான் எழுதணும்னு மிஸ் சொன்னாங்க."

சரிதா தலையைக் குனிந்துகொண்டாள்.

"மனுதாரர் ஆடும் என்கிறார். தந்தை ஆடாது என்று முன்பே சொல்லியிருக்கிறார். எனவே நேரடி ஆய்வு" என்று சுபாஷ் அறிவித்தார். மாதேஷைப் பார்வையாளர் பெஞ்சில் படுக்கச் சொன்னார்கள். "தூங்குங்க" என்றார்.

மாதேஷ் படுத்துக் கண்ணை மூடினான். கையை மார்பின் மேல் கட்டை மாதிரி வைத்துக்கொண்டான். அவன் தூங்கவில்லை என்பது வாசலில் நின்ற நோயாளிகளுக்கும் தெரிந்தது.

"ஆடலைன்னு எழுதிக்கலாமா?" என்று பல் மருத்துவர் கேட்டார். அவருக்கு அவசரம்.

"விதிப்படி அரை மணி நேரம் பார்க்கணும் டாக்டர். நாளைக்கு யாரும் நம்மைக் குறை சொல்லக் கூடாது இல்லையா" என்றார் சுபாஷ்.

மேலே மின்விசிறி ஓடியது. வேலை போன நாளிலிருந்து மாதேஷ் பகலில் கூலிக்கு அலைந்துகொண்டிருந்தான். ராத்திரியில் தூங்கிப் பழக்கமில்லாத உடம்பு. கொஞ்ச நேரத்தில் அவன் மூச்சு மாறியது. வாய் திறந்துகொண்டது. பல் மருத்துவர் தன்னை அறியாமல் குனிந்து உள்ளே பார்த்தார். பிறகு மாதேஷின் வலது கை மார்பிலிருந்து எழுந்தது. முழங்கை மடங்க மேலே போய், அழுத்தமாகக் கீழே வந்தது.

சுபாஷ் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ராஜப்பன் சுபாஷைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பார்த்தேன். சரிதா பார்த்தாள். கை மறுபடி மேலே எழுந்தபோது சுசித்ரா பெஞ்சுக்குப் போய், குழுவுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். அப்பாவின் சட்டையைச் சரிசெய்கிறாள் என்றுதான் தோன்றும். அவள் வலது கை எங்கே போயிற்று என்பது நான் இருந்த இடத்திலிருந்து தெரிந்தது. மாதேஷின் கை இறங்கி நின்றுவிட்டது.

"பாப்பா, அங்க என்ன பண்ற?"

"முழிச்சதும் யாரும் பக்கத்துல இல்லைன்னா அப்பா பயந்துக்குவாரு சார்."

மீதி நேரம் முழுவதும் அவள் அப்படியே நின்றாள்.

ஆய்வு முடிவை ராஜப்பன் படித்தார். தூக்கத்தில் கை ஆடவில்லை. மனுதாரர் எழுதியது பொய் என்று உறுதியாகிறது. மருத்துவக் குறிப்பு: கையில் அசைவில்லை, கீழ்க் கடைவாய்ப் பல்லில் சொத்தை. அப்பாவும் ஆசிரியையும் கையெழுத்திட வேண்டும். மாதேஷ் தூக்கக் கலக்கத்தோடு எழுந்து, மகள் பொய் எழுதுகிறவள் என்ற வரிக்குக் கீழே தன் பெயரைக் கூட்டிக் கூட்டி எழுதினான். அவன் முடிக்கும்வரை சுசித்ரா சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்தது சரிதா. பேனாவை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"மாமா."

எங்கள் வீட்டுப் பெயரில் அதுவரை எந்த அலுவலகத்திலும் ஒரு பொய் இருந்ததில்லை. "போடும்மா" என்றேன்.

மறுநாள் மாதேஷுக்குக் கேட் பாஸ் கிடைத்தது. அந்த வாரமே இரண்டு நாள் இரட்டை ஷிப்டும் கிடைத்தது.

ஒன்பதாம் வகுப்பு அதன்பிறகு வலைப்பூவில் ஒரே வாக்கியத்தை எழுதியது. 'நான் நலம். எங்கள் வீட்டில் அனைவரும் நலம்.' அனிதாவும் அதையே எழுதினாள். மார்ச் கடைசியில் மையம் பள்ளிக்குக் 'குறையற்ற பள்ளி' என்ற கேடயம் கொடுத்தது. ராஜப்பன் அதை வாங்கிக்கொண்டு, தம் பணிக்காலத்திலேயே எதுவும் நடக்காத ஆண்டு இதுதான் என்று பேசினார்.

வலைப்பூவை மூடிவிடுவது என்று சரிதா முடிவுசெய்தாள். அன்றைக்குத்தான் சுசித்ரா அவளிடம் வந்து கேட்டிருக்கிறாள். "மிஸ், நான் எழுதறது பொய்யின்னு சீட்டு குடுத்துட்டாங்கல்ல? அப்ப நான் என்ன எழுதினாலும் யாரும் கம்பெனிக்குப் போய்க் கேக்க மாட்டாங்கல்ல?"

சரிதா மையத்துக்கு போன் செய்து கேட்டாள். பொய்யர் என்று சான்று பெற்றவர் எழுதுவதை மையம் மனுவாக எடுத்துக்கொள்வதில்லை, அப்படி எடுத்தால் மையத்தின் தரம் கெட்டுவிடும் என்று சுபாஷ் விளக்கினார்.

ஆக, எங்கள் பள்ளியில் பார்த்ததை எழுத அனுமதி உள்ள ஒரே பிள்ளை சுசித்ரா என்று ஆயிற்று. அவள் முதலில் அந்த அலுவலகத்தைப் பற்றி எழுதினாள். பெஞ்சு, மின்விசிறி, அப்பாவின் வாய்க்குள் பார்த்த டாக்டர், எதுவும் விடவில்லை. அதன் கீழே சிவப்பு எழுத்தில் வந்தது: 'பொய். நடவடிக்கை தேவையில்லை.' சிப்காட்டில் தேநீர் இடைவேளையில் அதை ஒருவர் வாசிக்க மற்றவர்கள் சுற்றி நின்று கேட்டதாக மாதேஷ் சொன்னான்.

ஜூன் மாதம் அவள் எழுதியது சிறியது. 'அப்பாவுக்கு வலது கையில் ஒரு விரலுக்கு நுனி இல்லை. வீட்டில் கதவு நசுக்கியது என்று கம்பெனியில் அவரிடம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். எங்கள் வீட்டுக்குக் கதவு கிடையாது. அம்மாவின் பழைய புடவைதான் தொங்குகிறது.'

இதற்கும் கீழே சிவப்பு எழுத்து: 'பொய். நடவடிக்கை தேவையில்லை.'

அன்று சாயங்காலம் நான் மாதேஷின் வீட்டுக்குப் போனேன். போகக் கூடாத இடம் அல்ல, போனதில்லை. புடவையை விலக்கிக்கொண்டு அவன் மனைவி கெம்பம்மா வெளியே வந்து, பாயை உதறிப் போட்டாள். மாதேஷின் கை பெரிய கட்டோடு இருந்தது.

"நாளைக்கு எங்கூடக் கிளம்பு" என்றேன். "இது நிஜம்னு அந்த ஆபீஸ்ல நான் சொல்றேன். என் பேச்சைத் தட்ட மாட்டாங்க."

"வேணாங்கய்யா." அவன் அவசரமாகச் சொன்னான். "பொய்யின்னு போட்டிருக்கறதாலதான் வேலை இருக்குது. நிஜம்னு ஆயிட்டா மறுபடி நான் வீட்லதான்."

"அப்ப அவ எழுதறதுல என்னதான் பிரயோஜனம்?" கோபம் யார் மேல் என்று எனக்கே தெரியவில்லை.

கெம்பம்மாதான் பதில் சொன்னாள். "இவரு காட்டுல கட்டை வெட்டி விரல் போனவருன்னு நாளைக்கு யாராவது சொல்லுவாங்க சாமி. கதவுன்னு இவங்க எழுதலியா, அந்த மாதிரி. எங்க பாப்பா எழுதினது ஒண்ணாச்சும் இருக்கட்டும். சிவப்புல எழுதினா எழுதிட்டுப் போறாங்க. கம்பெனில இருக்கறவங்களுக்குத் தெரியாதா எது பொய்யின்னு?"

சுசித்ரா உள்ளே பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். உட்காரச் சொன்னேன்.

பிறகு மற்றப் பிள்ளைகளும் வந்து கேட்கத் தொடங்கினார்கள். கன்றின் பெண், தகரக் கூரைப் பெண், நிலாவின் பையன், எல்லாருக்கும் பொய்யர் சான்று வேண்டுமாம். மையத்துக்கும் புது ஆண்டு, புது இலக்கு. சான்று வழங்குவதையும் ஒரு தீர்வாகக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம் என்று அனுமதி வாங்கிவிட்டார்கள். விசாரணை தேவையில்லை, குடும்பப் பெரியவர் ஒருவர் உறுதிமொழி கொடுத்தால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை அனிதா ஒரு தாளோடு என் முன்னால் வந்து நின்றாள்.

"அம்மா போட்டா செல்லாதாம் தாத்தா, மிஸ்ஸா இருக்கறதால. அப்பா படிச்சிப் பாக்காமலே போட்டுடுவாரு. நீங்க படிச்சிட்டுப் போடுங்க."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். 'எங்கள் குடும்பத்தைச் சேர்ந்த மேற்படி பிள்ளை எழுதியதும், இனி எழுதப்போவதும் பொய் என்று குடும்பத்தின் சார்பில் உறுதி கூறுகிறேன்.' குடும்பத்தின் சார்பில் என்ற இடத்தில் நான் நின்றுவிட்டேன். அனிதா காத்துக்கொண்டிருந்தாள். சமையலறையில் சரிதா பாத்திரம் கழுவுவதை நிறுத்தியிருந்தாள்.

"மாதேஷ் போட்டதும் இதே வாசகம்தானா?"

"அதேதான் தாத்தா. சுசித்ரா லேமினேட் பண்ணிப் பையிலயே வச்சிருக்கா. யாராவது கேட்டா காட்டறதுக்கு."

நிலப் பத்திரத்தில் போடுவதுபோல் அப்பா பெயரின் முதல் எழுத்தோடு முழுப்பெயரையும் எழுதினேன். ஊர்ப் பெயரையும் எழுதினேன். அனிதா மை காய ஊதிவிட்டுத் தாளைத் தூக்கிப் பார்த்தாள்.

"லேமினேஷனுக்குக் காசு குடுங்க தாத்தா" என்றாள். "கடை மத்தியானம் மூடிருவாங்க."